தொலைபேசியும் யந்திரச் செவியும்

ஒருவர் கூறியதை மற்றொருவர் பிறழ உணர்ந்தால், சொன்னவர்மீதோ கேட்டவர்மீதோ குற்றம் சாற்றுவது உலக வழக்கு. இருவருக்கும் இடையே நின்று சொல்லைச் சுமந்து சென்ற தூதனைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. அவன் வழியில் சிலவற்றை மறந்தானா, சிலவற்றைத் தன் இயல்புக்கேற்ப மாற்றினானா என்று வினவினாலன்றி உண்மை வெளிப்படாது. இக்காலத்தில் நம் சொற்களைச் சுமந்து செல்லும் தூதர்களுள் தலைமை வாய்ந்தது தொலைபேசி. அதன் மறுமுனையில் மனிதனுக்குப் பதிலாக யந்திரம் அமர்ந்து செவிசாய்க்கும் காலமும் வந்துவிட்டது. அந்த யந்திரம் நம் சொல்லைத் தவறாகக் கொள்ளும்போது, பிழை பேசியவருடையதா, யந்திரத்தினுடையதா, அன்றி இடைநின்ற கருவியினுடையதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எம் உறவினருள் எழுபது வயது கடந்த மூதாட்டியார் ஒருவர் உளர். பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். லகர ளகர வேற்றுமை சிறிது பிறழினும் பொறாதவர். ஒரு நாள் அவர் ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துத் தம் கணக்கு எண்ணைச் சொல்ல நேர்ந்தது. மறுமுனையில் விடையிறுத்தது யந்திரக் குரல். அம்மையார் கைப்பேசியை மேசைமேல் வைத்து, ‘ஸ்பீக்கர்’ என்று வழங்கும் ஒலிபெருக்கியைத் திறந்து, தலைக்குமேல் மின்விசிறி சுழல, எட்ட இருந்தவாறே ஒவ்வோர் இலக்கமாகக் கூறினார். மூன்று முறை கூறியும் யந்திரம் வேறோர் எண்ணையே திருப்பிச் சொல்லிற்று. நான்காம் முறை உரத்துக் கூவினார், பயன் இல்லை. “வயதாகிவிட்டது, என் நாக்கே எனக்கு உதவவில்லை போலும்” என்று சொல்லி வாளாவிருந்தார். யாம் கைப்பேசியை எடுத்து, ஒலிபெருக்கியை மூடி, அவர் வாயருகே பிடித்துக்கொண்டு, இயல்பான குரலிலேயே கூறும்படி வேண்டினோம். யந்திரம் ஒரே முறையில் உணர்ந்துகொண்டது. பல நூறு பிள்ளைகளுக்கு உச்சரிப்பைக் கற்பித்த நாவை அவரே ஐயுறும்படி நேர்ந்ததே என்பதுதான் எமக்கு வருத்தம் தந்தது. பிழை நாவினது அன்று, தூதனது.

இனி, யந்திரம் பேச்சைக் கேட்பது எவ்வாறு என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பேச்சொலி காற்றில் எழும் அதிர்வு என்பதை நாம் அறிவோம். யந்திரம் அவ்வதிர்வை விநாடிக்கு ஏறத்தாழ நூறு முறை ஆராய்ந்து, ஒவ்வொரு சிறு துண்டிலும் எந்த எந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலிமையுடன் விளங்குகின்றன என்று கணக்கிடுகின்றது. அகரத்துக்கு ஒரு வடிவம். இகரத்துக்கு மற்றொரு வடிவம். மூக்கொலிக்கு வேறொரு வடிவம். இவ்வடிவங்களைத் தான் முன்னரே கற்று வைத்தவற்றோடு ஒப்பிட்டு, இன்ன எழுத்தாகலாம், இன்ன சொல்லாகலாம் என்று ஊகிக்கின்றது. அது கற்றது எங்கே? பலர் பேசிய பேச்சைப் பதிவு செய்து, அதனை எழுத்தில் பெயர்த்து, இரண்டையும் சேர்த்து அதற்கு ஊட்டுகின்றனர். ஆதலின், எத்தகைய ஒலியைக் கேட்டுப் பழகிற்றோ அத்தகைய ஒலியையே அது நன்கு அறியும். அமைதியான அறையில் உயர்ந்த ஒலிவாங்கியால் பதிந்த பேச்சை மட்டும் கேட்டு வளர்ந்த யந்திரம், தொலைபேசியின் வழியே வரும் குரலைக் கேட்டால், வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவன் சந்தை இரைச்சலில் நிற்பதுபோல் திகைக்கும்.

1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தார் ‘ஆட்ரி’ என்னும் யந்திரமொன்றை அமைத்தனர். அது பூச்சியம் முதல் ஒன்பது ஈறாகவுள்ள இலக்கங்களைக் குரலால் அறிந்தது. ஆயினும் பேசுபவர் ஒருவரின் குரலுக்கேற்பத் திருத்தி அமைத்தபோதுதான் அது செவ்வையாகத் தொழிற்பட்டது. ஆள் மாறினால் அறிவு மயங்கும். பின்னர் வந்த யந்திரங்கள் பலருடைய குரலையும் அறியக் கற்றன. ஆள் மாறுவதற்கு வழி கண்டபின் எஞ்சி நின்ற பெரும் இடையூறுகளுள் ஒன்று, கருவி மாறுவது.

கருவிகளுள் வாய்க்கு மிக அண்மையில் இருப்பது ஒலிவாங்கி. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப் பட்டயம் பெற்றது 1876-ஆம் ஆண்டில். அடுத்த சில ஆண்டுகளுக்குள் எடிசன் முதலியோர் கரியைக் கொண்டு ஒலிவாங்கி அமைக்கும் முறையைக் கண்டனர். மெல்லிய தகடொன்றின் பின்னே கரித் துகள்கள் நிரம்பிய சிறு பேழை இருக்கும். பேச்சின் அழுத்தத்தால் தகடு அசைய, துகள்கள் நெருங்கியும் நெகிழ்ந்தும் மின்னோட்டத்துக்குத் தரும் தடையை மாற்றும். வேறு பெருக்கி எதுவும் இன்றியே வலிய மின்னலையைத் தரும் ஆற்றல் அதற்கு இருந்தமையால், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் உலகத் தொலைபேசிகளில் கரியே ஆட்சி செய்தது. ஆயின் அதற்குக் குறைகளும் இருந்தன. குரல் இருமடங்கானால் மின்னலையும் சரியாக இருமடங்காகும் என்னும் ஒழுங்கு அதனிடம் இல்லை. மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வுகளை அது தானே பிறப்பிக்கும். துகள்கள் ஒன்றோடொன்று இறுகினால் குரல் மங்கும். பழைய தொலைபேசிக் கைக்கருவியை மேசையில் தட்டிவிட்டுப் பேசிய பெரியோரை நம்மிற் சிலர் கண்டிருக்கலாம். அத்தட்டலுக்குக் காரணம் இதுவே.

1962-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர், மின்னேற்றத்தை நெடுங்காலம் தன்னகத்தே தேக்கி வைக்கும் மென்படலத்தைக் கொண்டு ‘எலெக்ட்ரெட்’ ஒலிவாங்கியை அமைத்தனர். அது சிறியது, மலிவானது, ஒலியை ஒழுங்காகப் பின்பற்றுவது. ஆகவே பிற்காலத் தொலைபேசிகளில் கரியின் இடத்தை அது கைப்பற்றிற்று. ஆனால் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. பல ஆண்டுகள் ஒரே ஊரில் ஒரு வீட்டில் கரியும் அடுத்த வீட்டில் எலெக்ட்ரெட்டும் இருந்தன. மனிதச் செவிக்கு இவ்வேற்றுமை பெரிதன்று. யந்திரச் செவிக்கோ ஒரே மனிதர் இரு வேறு மனிதராகத் தோன்றினார்.

ஒலிவாங்கியைக் கடந்த குரல் அடுத்து ஒரு குறுகிய வாயிலில் நுழைகின்றது. மனிதப் பேச்சின் அதிர்வுகள் விநாடிக்கு நூறளவிலிருந்து எட்டாயிரத்துக்கு மேலும் பரந்து கிடப்பவை. பழைய தொலைபேசி முறை ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே செல்ல விடும். ஒரே வழியில் பல உரையாடல்களை அனுப்புவதற்காகவும், பொருள் விளங்குவதற்கு இவ்வளவே போதும் என்று கண்டமையாலும் இவ்வெல்லை வகுக்கப்பட்டது. உயிரெழுத்துக்களின் இயல்பு பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்கும். சீறி எழும் ஒலிகளோ அடங்கா. ஸகர ஒலியின் வலிமை பெரும்பாலும் 4,000-க்கு மேலே உள்ளது. அது வாயிலிலேயே தடுக்கப்படுகின்றது. தொலைபேசியில் நம் பெயரின் முதலெழுத்தை ‘எஸ்’ என்று சொன்னால் எதிர்முனையில் உள்ளவர் ‘எஃப்’ என்று குறித்துக்கொள்வதும், பிறகு நாம் ஓர் ஊர்ப் பெயரையோ ஆட்பெயரையோ கூறி விளக்குவதும் அன்றாட அநுபவம் அன்றோ? குழந்தைகளின் தொண்டையும் வாயும் சிறியனவாதலின் அவர்கள் குரலின் சிறப்பியல்புகள் மேலும் உயர்ந்த அதிர்வுகளில் அமைந்துள்ளன. எனவே இவ்வாயிலில் அவர்கள் இழப்பது வளர்ந்த ஆடவர் இழப்பதைவிட மிகுதி.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு நூறையொட்டியது. அதுவும் 300 என்னும் எல்லைக்குக் கீழே நின்றுவிடுகின்றது. எனினும் தொலைபேசியில் தந்தையின் குரலைக் கேட்டு அதனைத் தாயின் குரல் என்று மயங்குவார் இலர். அடிப்படை அதிர்வு வராவிடினும், அதன் மடங்குகளாகிய மேலதிர்வுகளைக் கொண்டு நம் செவியும் மனமும் மறைந்ததை மீட்டுக்கொள்கின்றன. பேசுவது யார், எதனைப் பற்றி, எந்தச் சூழ்நிலையில் என்னும் அறிவும் நமக்குத் துணை செய்கின்றது. தொலைபேசி இத்தனை குறைகளோடும் ஒரு நூற்றாண்டு வெற்றியுடன் விளங்கியதற்கு, கேட்பவர் இடையறாது செய்துவந்த இந்த நிரப்பு வேலையே காரணம். யந்திரம் செவியேற்ற வந்த பின்புதான் அவ்வேலை எத்துணைப் பெரிது என்பது நமக்குப் புலனாயிற்று.

அடுத்தபடியாக, குரல் எண்களாக மாற்றப்படுகின்றது. 1972-ஆம் ஆண்டில் உலகப் பொது முறையாக ஏற்கப்பட்ட ‘ஜி.711’ என்னும் விதிப்படி, குரலலையை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுத் துணுக்குகளால் குறிப்பர். ஆக விநாடிக்கு 64,000 துணுக்குகள். இதனால் விளையும் இழப்பு மிகச் சிறிது. கைப்பேசி வந்தபோதோ வானொலி அலைகளில் இடம் அருமையாயிற்று. 1991-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மக்கள் பயனுக்கு வந்த ‘ஜி.எஸ்.எம்.’ முறை, தன் முதற் குறிமுறையில் விநாடிக்கு 13,000 துணுக்குகளே கொண்டது; முன்னையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இது எவ்வாறு இயலும் எனின், ஒரு முகத்தை அப்படியே வரைந்து அனுப்பாமல், ‘நெற்றி அகலம், மூக்குக் கூர்மை, தாடி உண்டு’ என்று குறிப்பெழுதி அனுப்பி, மறுமுனையிலுள்ள ஓவியனைக் கொண்டு வரைவித்தல் போன்றது. தொண்டையும் வாயும் எவ்வாறு அமைந்து இவ்வொலியை எழுப்பின என்பதற்குரிய குறிப்புக்களே பெரும்பாலும் செல்கின்றன. ஆளை அடையாளம் காண ஓவியம் போதும். ஆனால் நுண்ணிய கோடுகள் சில மாறிவிடும். அழைப்பு பல வலைகளைக் கடந்து செல்கையில் ஓவியத்தைப் பார்த்து மீண்டும் குறிப்பெழுதி மீண்டும் வரைவதும் உண்டு. அப்போது பிழை பெருகும்.

அன்றியும், கைப்பேசிக் குரல் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நீளமுள்ள துண்டுகளாகக் கட்டப்பட்டுச் செல்கின்றது. அலை வலிமை குன்றிய இடத்தில் சில துண்டுகள் வழியில் அழியும். அழிந்த துண்டுக்குப் பதிலாக முந்தியதை ஒட்டிய ஒலியொன்றை இட்டு நிரப்புவர். செவிக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஆனால் ககர டகர தகர பகரங்கள் வெடித்து எழும் கணம் ஏறத்தாழ அவ்வளவே நீளம் உடையது. ஒரு துண்டு அழிந்தால் ஒரு வல்லெழுத்தின் உயிர்நிலையே அழிந்துபோகலாம். இவற்றோடு, இரைச்சலை அடக்குவதற்கென்று கைப்பேசியில் அமைந்துள்ள உபாயங்களும் சில வேளை தீங்கு செய்யும். அவை மனிதச் செவிக்கு இனிமை பயக்குமாறு அமைந்தவை. இரைச்சலோடு சேர்த்து மெல்லொலிகளின் ஓரங்களையும் சீவிவிடுவதுண்டு.

இவையெல்லாம் வெறும் ஊகம் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமும் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் கூடி 1980-களில் ‘டிமிட்’ என்னும் பேச்சுத் தொகுப்பை உருவாக்கின. அதில் அமெரிக்கர் 630 பேர், ஆளுக்குப் பத்து வாக்கியமாக, 6,300 வாக்கியங்களைப் பேசியுள்ளனர். 1990-ஆம் ஆண்டில் நைனெக்ஸ் என்னும் தொலைபேசி நிறுவனத்தார் அதே 6,300 வாக்கியங்களையும் தொலைபேசிக் கைக்கருவியின் வழியாகவும் தங்கள் வலையின் பல வழிகளிலும் செலுத்தி மீண்டும் பதிந்தனர். பேசியவர் அவரே; பேச்சும் அதுவே; மாறியது தூதன் மட்டும். டக்ளஸ் ரெய்னால்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், குரலைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் யந்திரத்தை இவ்விரு தொகுப்புக்களிலும் சோதித்து 1995-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மூலப் பதிவில் நூற்றுக்கு 99.5 சரியாக இருந்த யந்திரம், தொலைபேசிப் பதிவில் நூற்றுக்கு 60.7 மட்டுமே சரியாக இருந்தது. இது சொல்லை அறிவதன்று, ஆளை அறிவது. எனினும் சொல்லை அறியும் யந்திரங்களும் இத்தொகுப்பில் தெளிவாகப் பின்னடைந்தன. 1997-ஆம் ஆண்டில் அவரே கரி ஒலிவாங்கி உடையவையும் எலெக்ட்ரெட் உடையவையுமான பல கைக்கருவிகளின் வழியே அதே பேச்சின் ஒரு பகுதியைச் செலுத்தி, கருவிக்குக் கருவி வேறுபாடு எவ்வளவு என்பதை ஆராயத்தக்க தொகுப்பு ஒன்றையும் அமைத்தார்.

நோயைக் கூறினோம், இனி மருந்தைக் கூறுவோம். முதல் மருந்து மிக எளிய கருத்தில் பிறந்தது. நீலக் கண்ணாடி அணிந்தவனுக்கு உலகம் முழுதும் நீலமாகத் தோன்றும். ஆனால் எல்லாப் பொருளிலும் ஒரே அளவாகக் கலந்த நீலம் கண்ணாடிக்கு உரியதேயன்றிப் பொருளுக்கு உரியதன்று என்று அவன் கழித்துவிடலாம். அதுபோல, பேச்சு கணந்தோறும் மாறும்; தொலைபேசியின் சாயலோ அழைப்பு முடியும்வரை பெரும்பாலும் மாறாது. ஆகவே நீண்ட பேச்சின் சராசரியைக் கண்டு அதனை ஒவ்வொரு துண்டிலிருந்தும் கழித்தால் கருவியின் சாயல் நீங்கும். இந்தியாவில் பிறந்து பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிஷ்ணு அடால் என்னும் அறிஞர் 1974-ஆம் ஆண்டில் இம்முறையின் பயனை எடுத்துக்காட்டினார். 1994-ஆம் ஆண்டில் ஹைனெக் ஹெர்மான்ஸ்கியும் நெல்சன் மார்கனும் ‘ராஸ்டா’ என்னும் முறையால் இக்கருத்தை மேலும் வளர்த்தனர். எனினும் கரி ஒலிவாங்கி வெறும் நீலக் கண்ணாடி அன்று; பொருளின் வடிவையே வளைத்துக் காட்டும் கண்ணாடி. அதன் குற்றம் கழித்தலால் மட்டும் தீராது.

இரண்டாம் மருந்து, யந்திரத்தைத் தொலைபேசிப் பேச்சிலேயே பயிற்றுதல். 1990-ஆம் ஆண்டை ஒட்டி டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தார், முன்பின் அறியாதார் இருவர் இருவராகத் தொலைபேசியில் உரையாடியவற்றுள் ஏறத்தாழ 2,400 உரையாடல்களைத் தொகுத்தனர். ‘ஸ்விட்ச்போர்டு’ என்பது அதன் பெயர். யந்திரத்தின் பிழையை அளக்க ஒரு கணக்கு உண்டு. மாற்றிக் கேட்ட சொற்கள், விட்டுவிட்ட சொற்கள், இல்லாமலே சேர்த்த சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் தொகையால் வகுப்பதே அது. 2016-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர் இத்தொகுப்பைச் சார்ந்த சோதனையில் பிழை நூற்றுக்கு 5.9 என்னும் நிலையை எய்தினர். பேச்சை எழுத்தில் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதரின் பிழையும் அதுவேயாயிருந்தது. ஆயின் உறவினரும் நண்பரும் தம்முள் தாராளமாகப் பேசிய மற்றொரு தொகுப்பில் அம்மனிதரே நூற்றுக்கு 11.3 பிழை செய்தனர். ஆதலின் ஓரிடத்துப் பெற்ற சிறப்பை எல்லா இடத்துக்கும் உரியதாகக் கொள்ளலாகாது.

மூன்றாம் மருந்து, வாயிலையே அகலமாக்குதல். விநாடிக்கு 16,000 முறை அளந்து, 50 முதல் 7,000 வரையுள்ள அதிர்வுகளைச் செல்லவிடும் குறிமுறைகள் இப்போது வழக்கில் உள்ளன. கைப்பேசிச் செயலிகளுட் பல, பழைய அழைப்பு வழியை விட்டு இணையத்தின் வழியே குரலை அகன்ற வடிவில் அனுப்புகின்றன. ஒரே கைப்பேசியில் செயலியிடம் கூறினால் விளங்கும் சொல், எண்ணைச் சுழற்றி அழைத்துக் கூறினால் விளங்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிற்க. இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? நல்ல கைப்பேசியும் வலிய அலையும் அமைதியான அறையும் உடையவரை யந்திரம் நன்கு உணர்கின்றது. மலிவான கருவியோடு, அலை குன்றிய சிற்றூரில், பேருந்து நிலையத்தின் நடுவே நின்று பேசுபவரை உணர்வதில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் துன்பம், அதனைப் பொறுக்க வலிமை குறைந்தவர்மீதே விழுகின்றது. அவரோ தம் நாவையும் தம் கல்வியையும் தம் ஊர்ப் பேச்சையும் நொந்துகொள்கின்றார். ஆகவே யந்திரச் செவியை அமைக்கும் நிறுவனத்தார் உயர்ந்த கருவியில் மட்டும் சோதித்து மனநிறைவு கொள்ளாது, மக்கள் கையில் உண்மையாக உள்ள கருவிகளில் சோதித்தல் வேண்டும். இருமுறை தவறினால் எண்ணை விரலால் அழுத்தவோ மனிதரோடு பேசவோ வழி விடுதல் வேண்டும். நம் மாணவருள் நாளை இத்தொழிலில் புகுவார் பலர் இருப்பர். அவர்கள் இதனை மறவாதிருப்பாராக.

பேசுபவராகிய நாமும் சில செய்யலாம். ஒலிபெருக்கியை மூடிக் கருவியை வாயருகே கொள்ளுதல், விசிறியையும் வானொலியையும் சிறிது நேரம் நிறுத்துதல், ஒலிவாங்கியின் துளையை விரலால் மறையாதிருத்தல், இயல்பான குரலில் பேசுதல் ஆகியவை அவை. கூவுவதால் நன்மை இல்லை. இரைச்சலின் நடுவே மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவதையும், அப்போது குரலின் இயல்பே மாறுவதையும் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். யந்திரம் கற்றது அமைந்த குரலை. கூவும் குரல் அதற்கு அயலது.

மேற்கூறிய மூதாட்டியாரிடம் யாம் இவற்றையெல்லாம் சுருக்கமாக எடுத்துரைத்தோம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் பாடம் விளங்கவில்லை என்று சொன்னபோதெல்லாம் அவனையே கடிந்துகொண்டேனே; என் குரல் அவனுக்கு எட்டியதா என்று ஒருநாளும் கேட்கவில்லையே” என்றார். யாம் விடை கூறவில்லை.